கறுப்பு மூட்டையாக விழும் கரடி: காட்டிலும் கூண்டிலும் படமெடுப்பது பற்றி

கேள்வி இதுதான்: "ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவும் 150-600 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். வண்டலூரில் கரடியை எடுத்தேன், கறுப்பு மூட்டை மாதிரி விழுந்திருக்கிறது. காட்டில் கரடி எடுக்க எங்கே, எப்போது போக வேண்டும்? ஜூவில் எடுத்த படத்துக்கு மதிப்பு உண்டா?"

மூட்டையை முதலில் அவிழ்ப்போம். காட்டுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

நம் ஊர்க் கரடி, சிலர் தேன்கரடி என்பார்களே, அது உடம்பு முழுக்க கரிக்கறுப்பு. கண் சின்னது, அதுவும் முடிக்குள் புதைந்திருக்கும். வெளிறிய மூக்குப் பகுதியும் நெஞ்சில் கிடக்கும் வெள்ளை வளைவும்தான் வெளிச்சம் பிடிக்கும் இடங்கள். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டரோ எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். கரடி ஃப்ரேமை அடைத்துக்கொண்டு நின்றால், "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று ஒளியைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகி, மூக்கு வெளுத்துப் போகும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமராவின் ஒளிக் கணக்கை நாம் திருத்தும் வசதியை, முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). அதே கரடி தூரத்தில், வெயில் அடிக்கும் பாறை மேல் சின்னதாக நின்றால் கதை தலைகீழ். மீட்டர் பாறையைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், கரடி மூட்டையாகும். அங்கே கூட்ட வேண்டும், ஆனால் பாறை வெளுக்காத அளவுக்கு மட்டும். "கரடிக்கு மைனஸ் ஒன்று வை" என்று ஒருவரும் "பிளஸ் ஒன்று வை" என்று இன்னொருவரும் சொல்வதைக் கேட்டுக் குழம்பியிருப்பீர்கள். இருவரும் சொல்வது சரி, அவரவர் பார்த்த கரடி வேறு. நான் இப்போது மேனுவலுக்கு, அதாவது அளவுகளை நானே வைக்கும் முறைக்குப் போய்விட்டேன். கரடி வரும்முன்பே, அது வந்து நிற்கக்கூடிய பாறையையோ புல்லையோ அளந்து, அந்த வெளிச்சத்துக்கு வைத்துவிடுவேன். பிறகு கறுப்பு வந்தாலும் வெள்ளை வந்தாலும் அளவு மாறாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட்டில்தான் எடுக்க வேண்டும். ஜேபெக்கில் அந்த நிழலுக்குள்ளிருந்து முடியை மீட்க முடியாது.

ஃபோகஸ் அடுத்த தலைவலி. மிருகத்தின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி புலிக்கும் மானுக்கும் அற்புதமாக வேலை செய்யும். நம் கரடியிடம் அது தடுமாறும். காதைக் கண் என்று பிடித்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு. மொத்தக் கறுப்பில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும், பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். அந்த விளிம்பு, வெளிறிய மூக்கு முடிந்து கறுப்பு முடி தொடங்கும் கோடு. ஒற்றை ஃபோகஸ் புள்ளியை அங்கே வைத்தால் கண்ணும் ஏறக்குறைய அதே தளத்தில் கிடைத்துவிடும். ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போகாதீர்கள். கரடி மெதுவாக நடப்பதுபோல் தெரியும், தலை மட்டும் ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். 1/250ல் உடம்பு தெளிவாகவும் முகம் குழப்பமாகவும் விழும். சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போனால் போகட்டும். அதனால் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸை வீட்டில் உட்கார்ந்து நீக்கலாம், அசைந்த முகத்தை யாரும் நிறுத்திக்கொடுக்க முடியாது.

கண்ணில் ஒரு துளி வெளிச்சம் இல்லாவிட்டால் கரடிப் படம் செத்துவிடும். அதற்கு அது தலையை வானத்தின் பக்கம் கொஞ்சம் தூக்க வேண்டும். மோப்பம் பிடிக்கும்போது தூக்கும். அந்த அரை நொடிக்காகத்தான் காத்திருப்பதெல்லாம். இன்னொரு வழி, சூரியனைக் கரடிக்குப் பின்னால் வைத்துக்கொள்வது. சாயங்காலம் ஐந்தரை மணி வெயில் பின்னாலிருந்து அடித்தால், கலைந்த தலைமுடி மாதிரி இருக்கும் அந்த நீள முடியின் ஓரம் முழுக்கப் பொன் கோடு விழும். உள்ளே கறுப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், கோடு போதும். சங்கப் பாட்டு ஒன்றில் எண்கு, அதாவது கரடி, இருட்டில் மின்மினி மொய்த்த புற்றைத் தோண்டுகிறது. மின்மினிகள் பொறிபோல் சிதற, அது இரும்பு அடிக்கும் கொல்லனைப்போல் தெரிகிறது. கறுப்பு மிருகத்தைக் காட்ட அதைச் சுற்றியிருக்கும் வெளிச்சத்தைக் காட்டினால் போதும் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எங்கே போவது?

கரடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கர்நாடகத்தின் தரோஜி. ஹம்பிக்குப் பக்கம், 1994ல் கரடிக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம். வட்ட வட்டமான பெரிய பாறைக் குன்றுகள், இடுக்குகளில் குகைகள், நடுவே முள்காடு. எதிரே ஒரு பார்வை மேடை. பிற்பகலில் வனத்துறை ஆட்கள் பாறைகளில் வெல்லப் பாகு போன்ற இனிப்பைத் தடவிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் குன்றின் மேலிருந்து கறுப்புப் புள்ளி ஒன்று இறங்கும், அதன் முதுகில் இன்னும் இரண்டு சின்னப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கன்னடத்திலும் அதற்குக் கரடி என்றுதான் பெயர். மேடையில் பக்கத்தில் நிற்பவர் கிசுகிசுப்பது உங்களுக்குப் புரியும்.

நான் முதல்முறை போனபோது மூன்று மணிக்கே சுடத் தொடங்கி நானூறு படம் எடுத்தேன். தேறியது பதினொன்று. லென்ஸ் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காரணம் வெயில். சூடான பாறைக்கும் எனக்கும் இடையிலிருந்த காற்று கொதிக்கும் எண்ணெயின் மேல்பரப்பு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது. நாலரை, ஐந்து மணிக்குமேல் பாறை ஆறியபின் எடுங்கள். அதுவரை பைனாகுலரில் பாருங்கள். தூரமும் அதிகம்தான். உங்கள் 600 மி.மீ. ஏபிஎஸ்-சியில் 900 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருங்கும், அப்போதும் கரடி ஃப்ரேமில் கால்வாசிதான் வரும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தரோஜியில் பாறைகள்தான் படம், கரடி அதற்கு அளவுகோல்.

இனிப்புத் தடவுவது பற்றி எனக்கு முழு நிம்மதி கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். துறையே செய்கிறது, மனிதர்களிடமிருந்து தள்ளி நடக்கிறது, அதனால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் நிலை. ஆனால் அங்கே எடுத்த படத்தை "காட்டில் தற்செயலாகக் கண்டேன்" என்று போடக் கூடாது.

இனிப்பில்லாமல் எடுக்க வேண்டுமானால் பழத்தைப் பின்தொடர வேண்டும். கரடி புலி மாதிரி தண்ணீர்க் குட்டையருகே படுத்துக் கிடக்காது. வயிறு எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். குளிரில் இலந்தை, பிறகு கொன்றைக்காய், மத்திய இந்தியாவில் மார்ச் ஏப்ரலில் இலுப்பைப் பூ, அப்புறம் நாவல், அத்தி. நடுநடுவே எப்போதும் கரையான். மத்தியப் பிரதேசத்தின் சாத்புராவில் நல்ல கரடிப் படங்கள் கிடைப்பதற்கு அந்தக் காட்டின் பழமரங்களும் ஒரு காரணம். குட்டிகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் வாக்கில் குகைக்குள் பிறந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அம்மாவின் முதுகில் ஏறி வெளியே வரும். முதுகுச் சவாரி வேண்டுமென்றால் பிப்ரவரிக்குமேல் திட்டமிடுங்கள்.

இலங்கையில் இது இன்னும் தெளிவு. யாலவிலும் வில்பத்துவிலும் ஜூன், ஜூலை பாலைப்பழக் காலம். வன்னிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாயில் போட்டால் உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் அந்த மஞ்சள் பழத்துக்குக் கரடியும் அடிமை. வருஷம் முழுக்க ஒளிந்து திரியும் மிருகம் அந்த ஆறு வாரம் பட்டப்பகலில் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மரத்தின் மேல் என்றால் வானம் பின்னணி. பிளஸ் ஒன்று, ஒன்றரை கூட வைக்க வேண்டிவரும். அங்குள்ள கரடி தனித் துணையினம், முடி நம் பக்கத்துக் கரடியைவிடக் குறைவு, முகம் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும். யாலவில் ஒரு கரடி தெரிந்தால் போதும், பத்து நிமிடத்தில் இருபது ஜீப் மொய்த்துக்கொள்ளும். எனக்கு வில்பத்துதான் பிடிக்கும். கரடி கிடைக்காத நாளிலும் அங்கே மனசு கெடாது.

தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு என்று கரடி இல்லாத மலைக்காடு குறைவு. ஆனால் வண்டியிலிருந்து படம் கிடைப்பது அதிர்ஷ்டம். தெப்பக்காடு சாலையில் கரடி தெரிந்தது என்று காரை நிறுத்தி இறங்கினால் அபராதம் கட்டுவீர்கள், அல்லது அதைவிட மோசமானதைச் சந்திப்பீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நடப்பது குற்றம், டிரோன் பறக்கவிடுவதும் அப்படித்தான். கர்நாடகக் காடுகளில் கேமராக் கட்டணம் லென்ஸின் நீளத்தைப் பொறுத்து ஏறும். டிக்கெட் வாங்கும் இடத்தில் அதிர்ச்சி அடையாமல் இருக்க முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலகிரி தனிக் கதை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கரடிகள் ஊருக்குள் வருகின்றன. பேக்கரிக் கதவை உடைப்பது, கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிப்பது எல்லாம் அங்கே வழக்கமான செய்தி. 'சிவபூஜையில் கரடி' என்று நாம் பேச்சுக்குச் சொல்வது அங்கே சிசிடிவியில் பதிவாகிறது. இதைப் பார்த்துவிட்டு "காட்டுக்கே போக வேண்டாம், குன்னூரில் ரூம் போட்டால் போதும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒருமுறை அந்த மலையில் ஒரு விடுதியில் தங்கினேன், பெயர் வேண்டாம். இரவு எட்டு மணிக்குப் பின்பக்க விளக்கைப் போட்டு, சமையலறை மிச்சத்தையும் பலாச்சுளையையும் கொட்டி, "சார், கேமரா ரெடி பண்ணிக்குங்க" என்றார்கள். கரடி வந்தது. பத்தடி தூரம். ஐஎஸ்ஓ 12800ல் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தேன், எடுக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தப் படங்களை யாருக்கும் காட்டியதில்லை. அடுத்த நாள் காலை அதே பின்பக்க வழியாகப் பறிப்புக்குப் பெண்கள் கூடையோடு வரிசையாகப் போனதைப் பார்த்தபோதுதான், ராத்திரி நடந்தது என்ன என்று உறைத்தது. அந்தக் கரடிக்கு இனி மனித வாசனை என்றால் பலாச்சுளை.

சோறு போட்டுப் பழக்கிய கரடி என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணம் மிசியோ ஹோஷினோ. ஜப்பானியர், அலாஸ்காவில் வாழ்ந்து கரடிகளைப் படமெடுத்தவர். கரடிகளைப் புரிந்துவைத்திருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய புகைப்படக்காரர்களில் ஒருவர். 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பத்தில், குரில் ஏரிக்கரையில் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்காகப் போயிருந்தார். மற்றவர்கள் மரக்குடிலில் தூங்க, அவர் வெளியே கூடாரத்தில் படுத்தார். ஆற்றில் மீன் இருக்கும் காலத்தில் கரடி மனிதரைத் தேடி வராது என்பது அவர் கணக்கு. சாதாரணக் கரடிக்கு அந்தக் கணக்கு சரிதான். அங்கே சுற்றியதோ மனிதர் கையால் தின்று பழகி, உணவு வைத்திருந்த அறையை உடைத்த கரடி. இரவில் அவரைக் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. அவருக்கு வயது 43. 'அவர் கடைசியாக எடுத்த படம்' என்று கூடார வாசலில் கரடி நிற்கும் ஒரு படம் இன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. அது போலி, கணினியில் ஒட்டிச் செய்தது.

நம் கரடியின் ஆபத்து வேறு வகை. அது தின்பதற்காக மனிதரைத் தாக்குவதில்லை, திடுக்கிட்டால் தாக்கும். கண் மந்தம், கரையான் உறிஞ்சும்போது காதும் அதில்தான் இருக்கும், மூக்கு மட்டும் கூர்மை. புலி திரியும் காட்டில் வளர்ந்த இனம், நெருக்கத்தில் எதையாவது பார்த்தால் ஓடுவதைவிட மோதுவதுதான் அதன் பழக்கம். நகங்கள் விரல் நீளம். 1791ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஆங்கிலேயர் ஜார்ஜ் ஷா அந்த நகங்களையும், மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லாததையும் பார்த்துவிட்டு, இது மரத்தில் தலைகீழாகத் தொங்கும் தென் அமெரிக்க மிருகமான ஸ்லாத் இனம் என்றே நினைத்துவிட்டார். அந்தப் பல் சந்து வழியாகத்தான் அது கரையானை உறிஞ்சுகிறது. முதலில் ஊதி மண்ணைத் தள்ளும், மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும், பிறகு உர்ர்ரென்று ஓர் இழுப்பு. நூறு மீட்டர் தள்ளியும் கேட்கும், வாக்குவம் கிளீனர் போல.

அந்தச் சத்தத்தை நான் நேரில் கேட்டது ஒரு கணக்கெடுப்பில், தன்னார்வலராகப் போனபோது. முன்னால் நடந்த வேட்டைத் தடுப்புக் காவலர் சட்டென்று கையை விரித்து எங்களை நிறுத்தினார். உண்ணிச்செடிப் புதருக்கு அந்தப் பக்கம், முப்பது மீட்டர்கூட இருக்காது, உர்ர்ர், நிறுத்தம், மறுபடி உர்ர்ர். எனக்குச் சந்தோஷம். காற்று அங்கிருந்து எங்கள் முகத்தில் அடித்தது, வாசனை போகாது, இன்னும் பத்தடி வைத்தால் படம். அவர் காதோடு சொன்னார்: "சார், காத்து நம்மகிட்டயிருந்து அங்க போகல. நாம இருக்கறது அதுக்குத் தெரியாது. அதான் எனக்குப் பயம்." பிறகு இரண்டடி பின்வாங்கி, உரக்க இருமி, கையைத் தட்டினார். உறிஞ்சல் நின்றது. ஒரு கணம் எதுவுமில்லை. அப்புறம் புதர் எதிர்ப்பக்கமாக நொறுங்கிக்கொண்டே போனது. படமெடுப்பவன் வரமாக நினைக்கிற காற்று, நடந்துபோகிறவனுக்கு எமன் என்பதை அன்றுதான் கற்றேன். கரடியை ஜீப்பிலிருந்தோ மேடையிலிருந்தோ எடுங்கள். நடந்துபோய் எடுக்கும் மிருகமில்லை அது.

ஜீப்பில் முக்காலி வேலைக்கு ஆகாது. லென்ஸுக்கு அடியில் வைக்கும் பீன் பேக் போதும். காலிப் பையாக எடுத்துப்போய், போன ஊர் மளிகைக் கடையில் இரண்டு கிலோ அரிசியோ ராகியோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும்போது டிரைவர் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிர்வு படத்தில் தெரியும். இன்னொன்று, ஜீப் உயரம் என்பதால் கரடி பக்கத்தில் வந்தால் முதுகுதான் கிடைக்கும். தூரத்தில் இருக்கும்போது கோணம் தட்டையாகி, அதன் கண் மட்டத்தில் எடுத்ததுபோல் விழும். "இன்னும் கிட்டே போ" என்று டிரைவரை நச்சரிப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு பத்தி. அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் அருவி, ஜூலை மாதம், பழுப்புக் கரடியின் வாய்க்குள் சால்மன் மீன் தாவி விழும் அந்தப் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் அங்குள்ள ஒரே மேடையிலிருந்து எடுத்தவை. பின்லாந்தின் ரஷ்ய எல்லைக் காட்டில் மரக்குடில்களுக்குள் இரவு முழுக்க உட்காரவைப்பார்கள், வெளியே தீனி வைத்திருப்பார்கள். பனிக்கரடிக்குக் கனடாவின் சர்ச்சில், அக்டோபர், நவம்பர். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் பனிக்கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. பணம் இருந்தால் போகலாம். எனக்கு அருவிப் படங்கள் சலித்துவிட்டன. கரடிகளுக்குச் சலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, கூண்டுக் கரடி.

என் வாழ்க்கையின் முதல் கரடிப் படத்தை நான் எடுக்கவில்லை, அதில் நான் இருக்கிறேன். நாலு வயது. தெருவில் கரடிவித்தைக்காரர் வந்திருக்கிறார். பயம் தெளியட்டும் என்று என்னைத் தூக்கிக் கரடி மேல் உட்காரவைத்து, கரடி முடி வைத்த தாயத்தும் கட்டியிருக்கிறார்கள். மாமா படமெடுத்தார். பல வருஷம் கழித்து அந்தப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோதுதான் கயிறு எங்கே போகிறது என்று கவனித்தேன். கழுத்துக்கு இல்லை. மூக்குக்கு மேலே துளைத்து உள்ளே போகிறது. குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, பல்லை உடைத்துவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் வலி தாங்காமல் கரடி எழுந்து நின்று ஆடும். நாங்கள் கைதட்டியது அதற்கு. 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இது பல பத்தாண்டு தொடர்ந்தது. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு அரசோடு சேர்ந்து, கரடி ஆட்டிப் பிழைத்த கலந்தர் சமூகத்தாருக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்துகொடுத்து, அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டது. கடைசி ஆட்டக் கரடி என்று அறிவிக்கப்பட்ட ராஜு 2009 டிசம்பரில் பன்னேர்கட்டா மையத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கரடிகளைக் காட்டில் விட முடியாது. ஆக்ராவிலும் பன்னேர்கட்டாவிலும் உள்ள மீட்பு மையங்களில் கஞ்சியும் பழமும் தின்று வாழ்கின்றன. முன்கூட்டியே அனுமதி பெற்றுப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். அங்கே நான் பார்த்தவர்களெல்லாம் வேலி தெரியாமல், காடு மாதிரி எடுக்கத்தான் பாடுபட்டார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு ஒரு கிழட்டுப் பெண் கரடி தர்பூசணித் துண்டை முன்னங்காலால் அழுத்திக்கொண்டு தின்றதை நெருக்கத்தில் எடுத்தேன். மூக்கின் மேல் முடி முளைக்காத ஒரு தழும்பு, சாறு வழிந்து அதில் தேங்கி நிற்கிறது. கரடி பற்றி நான் எடுத்ததில் உருப்படியான படம் என்றால் அதுதான். அது காட்டில் எடுத்ததில்லை.

ஆகவே மதிப்பு உண்டு, எங்கே எடுத்தது என்று எழுதினால். எழுதாவிட்டால் அதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது: கரடி விடுவது. 2009ல் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி ஒன்றில், வேலி தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து, 2010ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள், எடுத்தவர் மறுத்தார். நம் ஊர்க் குழுக்களில் பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. ஆனாலும் கரடியை நன்றாகப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தோண்டாமல் மழுங்கி வளைந்த நகம், வருஷம் முழுக்க ஒரே மாதிரி கொழுத்த உடம்பு, தேய்ந்து பளபளக்கும் மரத்தடி. அமெரிக்காவில் கரடியையும் பூமாவையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் பண்ணைகள்கூட உண்டு, பல போட்டிகள் அந்தப் படங்களைச் சேர்ப்பதில்லை.

ஜூவில் எடுக்கும் கைவேலைக்கு வருகிறேன். கம்பி வலை இருந்தால், லென்ஸை வலையோடு ஒட்டிவையுங்கள் (பணியாளர் அனுமதிக்கும் இடத்தில் மட்டும்). லென்ஸை முழுக்க நீட்டி, எஃப் 6.3 போல இருக்கும் பெரிய திறப்பில், கரடி வலையிலிருந்து தள்ளி நிற்கும்போது எடுத்தால் கம்பி கரைந்துபோகும். கம்பி மேல் வெயில் படக்கூடாது. பட்டால் கரையாது, படம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி படரும். ஜூ படத்தில் சாம்பல் மூட்டம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணமாயிருக்கும். தொப்பியால் கம்பியில் நிழல் விழவைத்தாலே பாதி சரியாகிவிடும். கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூட்டைக் கண்ணாடியோடு அழுத்திக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதன் பிரதிபலிப்புதான் முதலில் விழும். அகழி வைத்த திறந்த அடைப்பிடங்களில் மேலிருந்து குனிந்து எடுத்தால் கரடி பொம்மை மாதிரி இருக்கும். சுற்றி நடந்து, தரை தாழ்ந்த பக்கத்தைத் தேடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஜூவில் கரடி ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டோ, ஒரே பாதையில் எட்டுப் போட்டுக்கொண்டோ இருந்தால் "டான்ஸ் ஆடுது பார்" என்று வீடியோ எடுப்பார்கள். அது அடைப்பின் சலிப்பால் வரும் பழக்கம். எடுங்கள், ஆனால் டான்ஸ் என்று பாட்டுப் போட்டு வெளியிடாதீர்கள்.

உங்கள் வண்டலூர்ப் படத்தின் ரா ஃபைல் இன்னும் இருந்தால், எடிட்டிங் மென்பொருளில் ஷேடோவை ஒன்றரை ஸ்டாப் ஏற்றி, பிளாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். மூட்டைக்குள் ஒரு முகம் இருக்கக்கூடும். மறுபடி போவதானால், காலையில் கதவு திறந்ததும் நேராகக் கரடிப் பக்கம் போய்விடுங்கள். வெயில் ஏறினால் அது நிழலில் சுருண்டுவிடும். அங்கே நம் கரடியும் இமாலயக் கறுப்புக் கரடியும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்து, காதையும் மூக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், விடுமுறை.